கரண்ட் வருவதற்குள்

கரண்ட் போன கடையில் வாசலோரம் மட்டும்தான் வெளிச்சம் இருந்தது. பெல்ட்டக்கா தன் கருவிப்பையை அங்கே கொண்டுவந்து, தரையில் துணி விரித்து, ஒவ்வொரு கருவியாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளிவேலை முடிந்து வந்தால் கருவிகளைத் துடைத்து வைத்த பிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள்.

வீடுகளில் இருக்கும் டிரெட்மில்களையும் உடற்பயிற்சி சைக்கிள்களையும் பழுதுபார்ப்பது அவள் தொழில். தொடங்கிய காலத்தில் பெல்ட் மாற்ற மட்டும்தான் தெரியும். அப்போது ஒட்டிய பெயர் இது. பிறகு மோட்டாரும், அதை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டும் கற்றுக்கொண்டாள். ஆனாலும் மோட்டாரக்கா என்று யாரும் மாற்றிக் கூப்பிடவில்லை.

சின்ன ஸ்க்ரூடிரைவரைத் துடைக்கும்போது துணி எதிலோ தடுக்கியது. நுனிக்குச் சற்று மேலே, மாத்திரை அளவில், கறுப்பாக வட்டமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வாஷர் என்று நினைத்து நகத்தால் நெம்பினாள். கையோடு வந்தது. ஸ்க்ரூடிரைவரை அருகில் கொண்டுபோனதும் விரலிலிருந்து துள்ளி, 'டிக்' என்று மறுபடியும் போய் ஒட்டிக்கொண்டது.



"தம்பி" என்று கூப்பிட்டாள். குரல் பாதிதான் வந்தது.

கடையின் பின்பக்கம் அவள் தம்பி, கரண்ட் இல்லாத நேரத்தை வீணாக்கக் கூடாதென்று, கடையின் ஒரே ஸ்கூட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். "என்னக்கா, பேயைப் பார்த்த மாதிரி கூப்பிடுறே?" என்று சிரித்தபடி வந்தவன், அவள் நீட்டியதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"காந்தம்" என்றான். "சக்கரத்துக் காந்தம். எந்த மெஷினோடது?"

"இன்னைக்கு ஒரே வீடுதானேடா போனேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரே வீடு டிரில் வாத்தியார் வீடு.

ஒரு பள்ளிக்கூடத்தின் பிள்ளைகளையெல்லாம் விசிலடித்து ஓடவைத்தவர் அவர். பக்கவாதம் வந்து வலது காலும் வலது கையும் பாதி செத்துப்போயிருந்தன. நடக்க நடக்கத்தான் கால் திரும்பும், ஒரு நாள் விட்டாலும் அது மறந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வெளியூரில் நர்ஸாக இருக்கும் மகள் ஒரு பழைய டிரெட்மில்லை வாங்கி அனுப்பினாள். அதன் போர்டு புகைந்து போக, மகள்தான் போன் செய்து பெல்ட்டக்காவை வரச் சொன்னாள். புதுப் போர்டு கப்பலில் வர வாரக்கணக்காகும். அதுவரை அந்த மனிதர் உட்கார்ந்தே இருக்க வேண்டாமே என்று, கடையில் கிடந்த ஒரு பச்சை மெஷினிலிருந்து போர்டைக் கழற்றிக்கொண்டுபோய் மாட்டினாள். நன்றாகத்தான் ஓடியது. அவளே ஏறி நடந்து பார்த்தாள். வாத்தியாரின் மனைவி, "கீச்சுன்னு ஒரு சத்தம் வருதும்மா, அவருக்கு அது எரிச்சலா இருக்கும்" என்றார். திரும்ப மூடியைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, சக்கரத்தின் பக்கத்தில் கைவிட்டு, தளர்ந்திருந்த திருகை முறுக்கி மூடினாள். இருட்டில் திருகு கீழே விழாமலிருக்க ஸ்க்ரூடிரைவரைப் பழைய ஸ்பீக்கர் ஒன்றில் தேய்த்துக் காந்தம் ஏற்றி வைத்திருப்பது அவள் பழக்கம். அந்த நுனி சக்கரத்தின் குழிக்குள்ளே, கோந்து காய்ந்து கிடந்த காந்தத்தை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

கரண்ட் இல்லாததால் மறுபடி ஓட்டிப் பார்க்க முடியவில்லை. "கரண்ட் வந்ததும் வழக்கம்போல நடங்க சார்" என்று அவள் தன் வாயால் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, பயப்படாதே. காந்தம் வேகத்தைச் சொல்லலைன்னா போர்டு மோட்டாரை விடாது, தானா நின்னுடும்" என்றான் தம்பி.

"எல்லா போர்டும் நிக்காதுடா. பச்சை மெஷின் போர்டு நிக்குமா?"

தம்பி போனை எடுத்தான். "பார்த்ததில்லையே" என்றான்.

"அந்த வீட்டு அம்மா நம்பர் இருக்கா?"

"பொண்ணு நம்பர்தான் இருக்கு." அவன் அதற்குள் அழைத்துக்கொண்டிருந்தான். மணி அடித்து அடித்து நின்றது. "டியூட்டியில இருப்பாங்க போல."

"நீ அடிச்சுக்கிட்டே இரு." அவள் செருப்பை மாட்டினாள்.

"ஸ்கூட்டரை அஞ்சு நிமிஷத்துல பூட்டித் தர்றேன்க்கா."

"அஞ்சு நிமிஷத்துல கரண்ட் வந்துட்டா?" என்று கேட்டபோது அவள் தெருவில் இருந்தாள்.

கரண்ட் இல்லாத ஊரில் சிக்னல்களும் செத்துக் கிடந்தன. கடைத்தெரு முழுக்க வண்டிகள் ஒன்றோடொன்று மூக்கை இடித்துக்கொண்டு நின்றன. பேருந்து ஒன்றின் படியில் ஏறினாள். அது ஒரு மூச்சு நகர்ந்து இரண்டு மூச்சு நின்றது. இறங்கி ஓடினாள். ஓடும்போது அவள் கண் ஒவ்வொரு கடைக்குள்ளேயும் போய் வந்தது. முடிவெட்டும் கடையில் மின்விசிறி சுற்றவில்லை. மருந்துக் கடையில் மெழுகுவர்த்தி. சுற்றாத ஒவ்வொரு விசிறியும் அவளுக்குக் கடவுள் தந்த அவகாசமாகத் தெரிந்தது.

"சாமி, கரண்ட் வரக் கூடாது" என்று வேண்டிக்கொண்டே ஓடினாள். உடனே மனசு உறுத்தியது. இந்த வெக்கையில் எத்தனை நோயாளிகள் புழுங்கிக்கொண்டு படுத்திருப்பார்கள், எத்தனை கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும். யாருக்கும் கெடுதல் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. வேண்டுதலை மாற்றிக்கொண்டாள். "எல்லாருக்கும் வரட்டும் சாமி. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமா வரட்டும்."

பாலத்துக்குப் போகும் சந்தில், மருத்துவமனை விரிப்புகளை ஏற்றிச் செல்லும் சலவை வண்டி ஒன்று நெரிசலிலிருந்து பின்வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அதன் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, பாலத்துக்கு அந்தப் பக்கம் போறீங்களா?"

ஓட்டுநர் நரைத்த மீசைக்காரர். "அந்தப் பக்கமும் போகலாம், இந்தப் பக்கமும் நிக்கலாம், எல்லாம் அவன் கையில" என்று மேலே காட்டினார். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக் கதவைத் திறந்தார். "ஏறு தங்கச்சி. ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரி ஆயிடக் கூடாதுன்னுதான் போறேன்."

வண்டி சந்துகளுக்குள் புகுந்தது. சோப்பு வாசனையும் ஈரத்துணி வாசனையும் கலந்து அடித்தது. ஓட்டுநர் ஒரு கையை ஹாரனிலேயே வைத்திருந்தார்.

"என்னன்னு சொல்லு. சொன்னா பாரம் குறையும்" என்றார்.

அவள் உள்ளங்கையை விரித்துக் காந்தத்தைக் காட்டினாள்.

"இத்துனூண்டுக்கா இந்த ஓட்டம்?"

"இது டிரெட்மில்லுக்குக் கண்ணு மாதிரி அண்ணா. மோட்டாருக்கு வேகம்னா என்னன்னே தெரியாது. கொடுத்த கரண்டுக்குச் சுத்தும், அவ்வளவுதான். ஒரு போர்டு இருக்கும். அது கரண்டைத் துண்டு துண்டா நறுக்கி நறுக்கி அனுப்பும். சின்னத் துண்டா அனுப்பினா மெதுவா சுத்தும். பெரிய துண்டா அனுப்பினா வேகமா சுத்தும்."

"சரி, குழாயைத் திறந்து திறந்து மூடுற மாதிரி."

"அதேதான். எவ்வளவு திறக்கணும்னு போர்டுக்கு எப்படித் தெரியும்? ஆள் காலை வெச்சு அழுத்தும்போது பெல்ட் இழுபடும், வேகம் குறையும். அப்போ கொஞ்சம் கூட்டணும். காலை எடுத்தா குறைக்கணும். சக்கரத்துல இந்தக் காந்தத்தை ஒட்டியிருப்பாங்க. சக்கரம் ஒரு சுத்து சுத்தினா, பக்கத்துல இருக்குற ஒரு உணர்கருவியை இது ஒரு தடவை தாண்டும். தாண்டுறப்போ எல்லாம் போர்டுக்கு ஒரு தட்டு. 'சுத்திட்டேன், சுத்திட்டேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கும். அதை எண்ணித்தான் போர்டு கூட்டுது, குறைக்குது."

ஓட்டுநர் ஒரு தள்ளுவண்டியை மயிரிழையில் தாண்டினார். "காந்தம் உன் கையில இருக்கு. அப்போ போர்டுக்குத் தட்டு போகாது. ஸ்பீடாமீட்டர் அறுந்த மாதிரி. என் வண்டியில அது அறுந்து ரெண்டு வருஷமாச்சு. நான் பாட்டுக்கு ஓட்டலையா?"

"உங்களுக்கு ஜன்னல் இருக்கு அண்ணா. ரோட்டைப் பார்க்குறீங்க. அதுக்கு எதுவும் இல்லையே. தட்டு வரலைன்னா சக்கரம் சுத்தவே இல்லைன்னு நினைச்சுக்கும். இன்னும் கரண்ட் கொடு, இன்னும் கொடுன்னு முழுசாத் திறந்து விட்டுடும். ஏறினவர் ரெண்டு காலும் சரியா இருக்குறவரா இருந்தா குதிச்சு ஓரத்துல நின்னுக்குவாரு. நிறுத்துற பொத்தானை அமுக்குவாரு. இவருக்குக் கம்பியைப் பிடிச்சுக்கவே ஒரு கைதான். அந்தக் கையை எடுத்தாத்தான் பொத்தானை அமுக்க முடியும்."

"அதுக்குன்னு ஒரு கயிறு இருக்குமே? என் மச்சான் வீட்டுல பார்த்திருக்கேன். சட்டையில மாட்டிக்குவான். விழுந்தா அது புடுங்கிக்கிட்டு மெஷின் நின்னுடும்."

அவள் காந்தத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். வேலைக்குப் போனபோதே அந்தக் கயிறு மெஷினில் தொங்கவே இல்லை என்பதை அவள் பார்த்திருந்தாள். கயிற்றை அறுத்துவிட்டு, அதன் நுனியிலிருந்த சாவி இல்லாமல் மெஷின் ஓடாதென்பதால் அதை மட்டும் டேப் போட்டு மெஷினோடு ஒட்டி வைத்திருந்தார் வாத்தியார். "சங்கிலி மாட்டி நடத்த நான் என்ன நாயா? ஊருக்கே விசிலடிச்சவன்மா நான்" என்று கோணிய வாயோடு சிரித்தார். நோய் வந்ததிலிருந்து அவர் இப்போதுதான் சிரிக்கிறார் என்று அவர் மனைவி காதோரம் சொன்னார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லாமல் பெல்ட்டக்காவும் கூடச் சிரித்துவிட்டு வந்திருந்தாள்.

"கயிறு இல்லை அண்ணா" என்றாள் கடைசியில்.

ஓட்டுநர் மிதியை அழுத்தினார். பாலத்தின் ஏற்றத்தில் கியரை மாற்றினார். வண்டி மூச்சு வாங்கியது.

பாலத்தின் உச்சிக்கு வந்தபோது அக்கரை முழுவதும் தெரிந்தது. மாலை மங்கத் தொடங்கியிருந்த நேரம். கட்டடங்கள் சாம்பல் நிறத்தில் அடைந்து கிடந்தன. அவற்றின் நடுவே ஒரு பெயர்ப்பலகை பச்சையாக மின்னியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒரு தெரு முழுக்க விளக்குகள் ஓடிப் பற்றிக்கொண்டன. கீழே எங்கோ பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தினார்கள்.

ஊரே சந்தோஷப்பட்ட அந்தக் கணத்தில் பெல்ட்டக்கா தன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"தலையைத் தூக்கு தங்கச்சி" என்றார் ஓட்டுநர். "கரண்ட் வந்த உடனே யாரும் நடக்க ஏறமாட்டாங்க. முதல்ல ஃபேனுக்குக் கீழே உட்காருவாங்க. அப்புறம் தண்ணி குடிப்பாங்க. டிவி போடுவாங்க. வயசானவங்களுக்கு எதுக்கும் நேரம் எடுக்கும். எங்க தெருன்னு சொல்லு."

அவர் ஒரு ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் நுழைந்தார். எதிரே வந்தவர்கள் திட்டினார்கள். அவர் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பிக்கொண்டே ஓட்டினார். அப்படிக் கும்பிடுகிறவரை மேலும் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை. வழி விட்டார்கள்.

வாத்தியார் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில். வண்டி நிற்பதற்குள் அவள் குதித்துவிட்டாள். வாசல் நடையில் கால் வைத்தபோது தலைக்கு மேலே, திறந்திருந்த ஜன்னல் வழியாக, அந்தச் சத்தம் கேட்டது.

மோட்டார் தொடங்கும் சத்தம். முதலில் மெல்லிய முனகல். வேகத்தை இரண்டாம் எண்ணில் வைத்தால் அந்த முனகல் ஓரிடத்தில் நின்று சீராக ஒலிக்க வேண்டும். இது நிற்கவில்லை. ஏறியது. கொதிக்கும் குக்கரின் விசில் போல மேலே மேலே ஏறியது. ஒரு காலடி விழுந்தது. இன்னொன்று தடதடத்தது. பிறகு ஒரு அலறல்.

மாடிப்படி அவள் எதிரே இருந்தது. படிக்குப் பக்கத்துச் சுவரில், எல்லா வீடுகளுக்குமான மின்பெட்டி கதவில்லாமல் இருந்தது. வரிசையாகச் சுவிட்சுகள். எந்த வீட்டுக்கு எது என்று எழுதியிருந்தது அழிந்து போயிருந்தது. யோசிக்க நேரமில்லை. இரண்டு கைகளையும் விரித்து, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் ஒரே இழுப்பில் கீழே தள்ளினாள்.

கட்டடம் முழுக்க இருண்டது. மேலே அந்தச் சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது.

"யாரது? வந்த கரண்டையும் புடுங்கிட்டாங்க!" என்று இரண்டாவது மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கத்தியது.

"சீரியல்ல இப்பத்தான்டி அவ உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தா!" என்றது இன்னொரு குரல்.

அவள் படிகளில் தாவி ஏறினாள். வெக்கைக்காகத் திறந்து வைத்த வீட்டுக் கதவு அப்படியே திறந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் முதலில் வாத்தியாரின் நாற்காலி தெரிந்தது. அதில் அவர் இல்லை. மெஷின் மேலும் இல்லை. நாற்காலிக்கும் மெஷினுக்கும் நடுவே தரையில், இடது முழங்கையை ஊன்றி, செத்த காலை இழுத்துக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தார். மெஷினின் பின்முனைக்கும் சுவருக்கும் இடையே இருந்த குறுகிய இடைவெளியில், கால்கள் மடங்கி, கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு அவர் மனைவி செருகிக் கிடந்தார்.

"அம்மா!"

"நான் ரெண்டுலதாம்மா வெச்சேன்" என்றார் அந்த அம்மாள். பற்கள் கிட்டிப்போய்ப் பேசினார். "ரெண்டுலதான் அமுக்கினேன். சத்தியமா வேற எதையும் தொடலை."

பெல்ட்டக்கா அவரைத் தூக்கக் குனிந்தாள். அப்போது பொட்டென்று விளக்கு எரிந்தது. கீழே யாரோ சுவிட்சுகளை மறுபடி ஏற்றிவிட்டார்கள். மெஷினின் முகத்தில் சிவப்பு எண்கள் கண் விழித்தன. அந்த அம்மாளின் பாதம் இன்னும் பெல்ட்டின் மேலேயே இருந்தது. பெல்ட்டக்கா தரையோடு தரையாகப் பாய்ந்து, சுவரோரம் கிடந்த கட்டிலுக்குப் பின்னால் கைவிட்டு, பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். சிவப்பு எண்கள் அணைந்தன.

யாரும் அமுக்காமல் அது ஓடியிருக்காது. அவளுக்கே அது தெரியும். ஆனாலும் பிளக்கைச் சுவரிலிருந்து இன்னும் தள்ளி இழுத்துப் போட்டாள்.

அந்த அம்மாளை வெளியே எடுத்து உட்கார வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் காலின் முன்பக்கத்திலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. வாத்தியார் அதற்குள் ஊர்ந்து வந்து மனைவியின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"நடக்க வேண்டியவன் நான்" என்றார். கோபத்தில் அவர் வாய் இன்னும் கோணியது. "நீ எதுக்கு ஏறினே?"

"பழுது பார்த்த மெஷின். முதல்ல உங்களை ஏத்துவேனா?" என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார். "குளிக்கிற தண்ணியில கைவெச்சுப் பார்க்காம என்னைக்காவது உங்க மேல ஊத்தியிருக்கேனா?"

 கணுக்காலைப் பிடித்த வாத்தியாரின் கை இறுகியது.

அவர்கள் இருவரும் தங்களுக்குள்ளேயே குற்றத்தைத் தேடிக்கொண்டிருப்பதைப் பெல்ட்டக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பேசாமலிருந்தால் இது அந்த அம்மாளின் தவறாகவே போய்விடும். வயதான பெண் ஏதோ பொத்தானைத் தப்பாக அமுக்கிவிட்டாள் என்று மகளும் நம்புவாள், ஊரும் நம்பும்.

"அம்மா தப்பு ஒண்ணும் பண்ணலை சார்" என்றாள். "நான்தான்." காந்தத்தை அவர்கள் முன்னே தரையில் வைத்தாள். அது எங்கே இருக்க வேண்டும், எப்படித் தன்னோடு வந்தது, கரண்ட் இல்லாமல் ஓட்டிப் பார்க்காமலே போனது, கயிறு இல்லாததைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னாள்.

வாத்தியார் கேட்டு முடித்தார். "நான் ஏறியிருந்தா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "பின்னால சுவர் இருக்கு சார்" என்றாள். "தலை அடிபட்டிருக்கும்."

 வாத்தியாரின் பார்வை சுவருக்குப் போய், மனைவியின் தலைக்கு வந்து நின்றது. அவர் திட்டப் போகிறார் என்று பெல்ட்டக்கா காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

"ஓடி வந்தியா?" என்றார் அவர்.

"கொஞ்ச தூரம் சார்."

"மூச்சைப் பாரு, நெஞ்சிலேயே நிக்குது. இப்படி விட்டா மயக்கம் போட்டுருவே." இடது கையை அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினார். பழைய மைதானத்துக் குரல் கொஞ்சம் வந்தது. "மூக்கால இழு. மெதுவா. ம்… வாயால விடு. தோளைத் தூக்காதே. வயிறு வரைக்கும் போகணும். மறுபடியும்."

அவள் இழுத்தாள், விட்டாள். நாலாவது மூச்சில் அழுகை வந்துவிட்டது.

"அழுதுக்கிட்டே மூச்சு விடக் கூடாது. ஒண்ணு அதைப் பண்ணு, இல்லே இதைப் பண்ணு" என்றார் வாத்தியார். அவர் மனைவி தோலுரிந்த கைகளோடு எழுந்து போய், யாருக்கென்று கேட்காமல் மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.

தண்ணீர் குடித்த பிறகு பெல்ட்டக்கா அந்த அம்மாளின் கைகளைக் கழுவி மருந்து போட்டாள். பிறகு மெஷினின் மின்வயரைச் சுருட்டி முடிச்சுப் போட்டாள். "இன்னைக்கு இதை ஓட்டமாட்டேன் சார். தட்டு வரலைன்னா தானா நிக்கிற போர்டா நாளைக்குப் பார்த்துக் கொண்டு வர்றேன். சுவரை விட்டுத் தள்ளிப் போடுறேன். புதுக் கயிறும் கொண்டு வர்றேன். நான் நடந்து, ஓடி, விழுந்து காட்டின பிறகுதான் நீங்க."

"நாளைக்கு வா" என்றார் வாத்தியார். "ஆனா ஏறுவேனான்னு என்னைக் கேட்காதே." மெஷினைப் பார்க்காமல் சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு." அந்தச் சொல்லை அவர் வாயில் அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது அவர் மனைவி சட்டென்று நிமிர்ந்து பார்த்ததில் தெரிந்தது.

பெல்ட்டக்காவும் தரையைப் பார்த்தபடி, "எனக்கும்தான் சார்" என்றாள்.

கீழே சலவை வண்டியின் ஹாரன் மெல்ல ஒரு முறை ஒலித்தது. ஓட்டுநர் போகாமல் காத்திருந்தார். பெல்ட்டக்கா எழுந்தாள். இரண்டடி வைப்பதற்குள் முழங்கால்கள் மடங்கின. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ இப்படியே படியிறங்கினா உருண்டுதான் போவா" என்றார் வாத்தியார். "என் குச்சியை எடு."

"நீங்க எங்க போறீங்க?" என்று பதறினார் மனைவி.

"படி வரைக்கும். இந்தப் பிள்ளை நடுங்குது, தனியாவா அனுப்புறது?"

அவரைத் தூக்கி நிறுத்த இருவரும் வேண்டியிருந்தது. வாசலைத் தாண்டி, நீண்ட நடைகூடத்தில் வந்து நின்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். குச்சியை ஊன்றினார். இடது கால் போயிற்று. வலது கால் தரையில் தேய்ந்து, தயங்கி, வந்து சேர்ந்தது. அவர் நெற்றியெல்லாம் வியர்வை. பெல்ட்டக்கா அவருக்கு முன்னால், அவர் பக்கம் முகம் வைத்து, கைகளை நீட்டியபடி பின்னோக்கி நடந்தாள். மனைவி பின்னால், தொடாமல், தொடும் தூரத்தில்.

"பயமா இருக்கா சார்?"

"பேசாம நட. உன் மூச்சைப் பாரு."

பாதி வழியில் நின்றார். வலது கால் வரவில்லை. மூவரும் நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கீழே ஹாரன் மறுபடி ஒலிக்கவில்லை.

"கடவுளே" என்று அந்த அம்மாள் உதட்டுக்குள் சொல்வது கேட்டது.

கால் வந்தது.